கயிறு கட்டாத வளையம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, தங்கை விட்டுப்போனது மூன்று, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஏழு பேர் அசட்டுத்தனத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும், எங்கள் மாடியில் குடியிருந்த வளையம் சாருக்கு உறைபோடக் காணாது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தெருவில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. விருதுநகரில் ஒரு காலேஜில் தற்காலிக வாத்தியார். மூளைக்குள் கைனேஸ் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். துண்டு துண்டாக இருப்பது ஆறு ஆறாக வளையம் கூடி, ஒரு வளையத்தின் மேல் இன்னொன்று உட்காருமாம். கண்ணுக்கே தெரியாத அதற்காக மனுஷன் சவரம் செய்யாமல் அலைந்தார்.

டீக்கடையில் ஆறு வடையை வட்டமாக அடுக்கிவைத்து, ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் ஆறு பெரிய மனிதர்களை முதுகு ஒட்ட நிற்கவைத்து, கையை வெளியே நீட்டச் சொன்னார். சாம்பார் வாளிக்கு வழியில்லை. நீட்டிய கைகளில் இரண்டு மாப்பிள்ளையின் தாய்மாமனுடையவை. அன்றைக்கு அடி விழாதது அவர் அப்பன் ஆத்தாள் செய்த புண்ணியம்.

அப்படிப்பட்டவருக்கு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ வந்தது. தவறினால் ஊருக்குப் போய் அண்ணன் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான். வளையத்தைச் செய்து கொண்டுபோய்க் காட்ட ஆசைப்பட்டு, என்னிடம் பன்னிரண்டு காகிதக் குழாய் கேட்டார். பட்டாசு கம்பெனிக்கு வெறுங்குழாய் உருட்டுவது எங்கள் வீட்டு வேலை. வழக்கப்படி ஆறைச் சுற்றிலும் நிறுத்தி, நடுவில் என் கணக்கில் கூடுதலாக ஒன்று செருகி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு கட்டாகக் கொடுத்தேன். அவர் முகம் செத்துப்போனது.

“கயித்த அவுத்துருங்க பெரியம்மா. இத வெளிய இருந்து யாரும் கட்டல. ஒவ்வொன்னும் வால் பக்கத்தால பக்கத்து ஆளப் புடிச்சுக்கிடும். நடுவுல வெறும் ஓட்டைதான்.”

“நடுக்குழாய் இல்லாம ஆறு நிக்காது. அம்பது வருசமா அடுக்குதேன், எனக்கே பாடம் எடுக்கீகளோ?”

நின்ற வாக்கிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். மீசை முளைத்த ஆம்பளை மூக்கு ஒழுக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழாயின் வாலையும் நசுக்கி ஆப்பு மாதிரி ஆக்கி, மைதாப் பசை தடவி ஒன்றோடொன்று ஒட்டினேன். வால்கள் நடுவில் வளையமாயின. வாய்கள் வெளியே நீண்டன. இன்னொன்றும் அப்படியே செய்து மேலே உட்காரவைத்தேன். கயிறே இல்லாமல் நின்றது, சனியன்.

பசை காயும்வரை பாடம். ஏதோ ஒரு தூண்டுதல் வந்து ஒன்றை எழுப்பிவிட்டால், அது பக்கத்து ஆளையும் தட்டி எழுப்புமாம். தூண்டுதல் போன பிறகும் தூங்காதாம். ஞாபகம் தங்குவதே அதனால்தானாம்.

“எழுப்புனவன்தான் போயிட்டானே, பெறகு எதுக்கு முழிச்சுக் கெடக்கணும்?” என்றேன். அவர் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அதைக் கும்பக்குடம் போல ஏந்திப் போனவர், சர்ட்டிபிகேட் பையை என் அம்மிமேல் மறந்துவிட்டார். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குத் துரத்திப்போய், ஜன்னல் வழியாக மடியில் எறிந்தேன். ஏசிய ஏச்சை பஸ்ஸே கேட்டது.

வேலை கிடைத்தது, கோயம்புத்தூர்ப் பக்கம். போகும்போது வளையத்தை என்னிடமே கொடுத்துப் போனார். பீரோமேல் இருக்கிறது. குப்பை என்று எடுக்கவந்த மருமகளின் கையைத் தட்டிவிட்டேன்.

அவர் போய் மூன்று தீபாவளி ஆயிற்று. பன்னிரண்டும் இன்னும் முழித்துக்கொண்டுதான் கிடக்கின்றன.

ஏத்தா பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத ஒருக்கா வாசி. ஏசுனதுல ஒன்னும் கொறஞ்சிருக்கக் கூடாது. அந்த மனுசன் படிச்சா, நான்தான்னு தெரியணும்.