ஆற்றுக்கு ஒரு நோட்டீஸ்

டிரினா ஆறு இரண்டு நாடுகளுக்கு எல்லை. கிழக்கே செர்பியா, மேற்கே போஸ்னியா. ஒரு வசந்தகால வெள்ளத்தில், எந்த அலுவலகத்திலும் முன்அனுமதி பெறாமல், அது இருநூறு அடி மேற்கே நகர்ந்துவிட்டது.

அதனால் அக்கரைக்காரன் ஹம்டியாவின் பிளம் தோப்பு, இக்கரையில், செர்பியப் பக்கத்து வுகோசாவாவின் கொல்லைப்பக்கம் வந்து சேர்ந்தது. அறுபது வயதுக்காரி வுகோசாவா கதவைத் திறந்தால் காய்ந்த கூழாங்கல் படுகை, தாண்டினால் தோப்பு. ஹம்டியாவுக்கோ நடுவில் கழுத்தளவு தண்ணீர். ஆகஸ்டில் பழம் பழுத்ததும், பறித்து வைக்கும்படி அக்கரையிலிருந்து கூவினான். பாதி அவளுக்கு. மீதிப் பாதியை விற்றுத்தான் அவன் குளிர்காலத்துக்கு விறகு வாங்க வேண்டும்.

கூடையோடு படுகையில் இறங்கியவளை எல்லைக் காவலன் ராடோய்கோ மறித்தான்.

"ஆத்தைக் கடக்கக்கூடாதும்மா."

"எந்த ஆத்தைத் தம்பி?"

"நீங்க நிக்கிற ஆத்தைத்தான். மேப்புல இங்கதானே ஓடுது."

"என் செருப்புகூட நனையலையே."

"அதுக்கு ஆறு பொறுப்பில்லம்மா. படகில்லாம இறங்குனது குத்தம்."

வுகோசாவா வாதாடவில்லை. பழம் காத்திருக்காது. செத்துப்போன கணவனின் படகை இழுத்துவந்து, மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு, படகில் உட்கார்ந்து கல்லின் மேல் துடுப்புப் போட்டாள். ராடோய்கோ அரைமணி நேரம் கவனித்துவிட்டு, எல்லை நீர்ப்பரப்பில் அனுமதியின்றிப் படகை நிறுத்தியதாக வழக்கு எழுதினான்.

பிறகு இரு நாட்டுக் கூட்டுக்குழு வந்தது. அதிகாரிகள் ஆறு பேர் படுகையை அளந்தார்கள், கைக்கெட்டிய பழங்களைத் தின்றார்கள், முப்பது நாளுக்குள் பழைய இடத்துக்குத் திரும்புமாறு ஆற்றுக்கு நோட்டீஸ் விடுத்தார்கள். ஆற்றுக்கு எந்த எழுத்து வாசிக்கத் தெரியும் என்பது உறுதிப்படாததால், இரு நாட்டு எழுத்திலும் அச்சடித்து ஒரு மரத்தில் ஆணியடித்தார்கள்.

இருபத்தேழாம் நாள் அடைமழை. ஆறு பழைய தடத்துக்கே திரும்பியது. ஹம்டியா ஓடிவந்து பார்த்தபோது, மரத்தடியில் அழுகிய பழம் கணுக்கால் வரை கிடந்தது. எதிர்க்கரையிலிருந்து வுகோசாவா என்னவோ சொன்னாள். வெள்ள இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகவே உத்தரவு நிறைவேறியதாகக் குழு அறிவித்தது.

ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அலுவலக வாசலில் நீண்ட வரிசை. ஆலங்கட்டி மழைக்கு நோட்டீஸ் கேட்டு ஒருவர், காட்டுப்பன்றிக்கு ஒருவர், மருமகனுக்கு இருவர். அவர்களுக்குப் பின்னால் வுகோசாவா நின்றாள். ஹம்டியாவின் பொருட்டு, பனி ஒரு மாதம் தாமதமாக வர ஆணையிடக் கோரும் மனு அவள் கையில் இருந்தது.

எழுத்தர் அதைக் கவனமாகப் படித்தார்.

"பனியோட நிரந்தர முகவரி?"

"ரெண்டாம் பக்கத்துல இருக்குங்க," என்றாள் வுகோசாவா.