முயல் ஹெல்மெட் போட்ட பிள்ளை

தூக்கமில்லாத மனிதனிடம் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வான். டீயை நீட்டினால் குடிப்பான். சர்க்கரை போட மறந்த டீயை நீட்டினாலும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பான். அப்படித்தான் ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் யாரோ பெற்ற பிள்ளையை என் பைக்கில் ஏற்றிவிட்டார்கள். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். (இப்போதும் அதே கம்பெனி, அதே நைட் ஷிப்ட்தான். நடுவில் லைனுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள்.) என் மனைவி செல்விக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் செகண்ட் ஷிப்ட். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மண்ணூரில் வாடகை வீடு. நான் வரும்போது அவள் சமைத்துக்கொண்டிருப்பாள். அவள் வரும்போது நான் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பேன். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு எங்கள் மகள் யாழினி ஒருத்திதான் சாட்சி.

யாழினிக்கு அப்போது யுகேஜி. காலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து படுப்பேன். மத்தியானம் எழுந்து போய்க் கூட்டி வருவேன். இடையில் கிடைப்பதற்குப் பெயர் தூக்கம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருந்தது. அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு போவது செல்விக்குப் பிடிக்கவே பிடிக்காது. "பின்னாடி தூங்கி விழுந்துட்டான்னா?" என்பாள். பிள்ளை தூங்கி விழுந்துவிடுவாள் என்றுதான் பயந்தாளே தவிர, முன்னால் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி அவளுக்கு ஏனோ சந்தேகமே வரவில்லை. பிள்ளையை என் முதுகோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அந்த மாதமே பள்ளிக்கூடத்திலும், பைக்கில் வரும் பிள்ளைகள் கட்டாயம் ஹெல்மெட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடைக்காரர் உடனே ஒரு லோடு இறக்கினார். பையன்களுக்கு நீலம், பெண் பிள்ளைகளுக்கு ரோஸ். ரோஸ் ஹெல்மெட் எல்லாவற்றிலும் நெற்றியில் ஒரே முயல்.

பாதுகாப்புக்கு ஒரு குறையும் இல்லை. மணி அடித்ததும் பள்ளிக்கூட வாசலிலிருந்து முயல்கள் வரிசையாக வெளியே வரும். வாசலில் அப்பன்மார்கள் ஹெல்மெட்டும் கம்பெனி யூனிபார்முமாகக் கறுப்பு பைக்குகளில் வரிசையாக நிற்போம். வாட்ச்மேன் ஏழுமலை ஒவ்வொரு முயலாகத் தூக்கி ஒவ்வொரு பைக்கிலும் வைப்பார்.

அன்றைக்கு மூன்று நாளாக ஓ.டி. பார்த்த களைப்பு. காலையில் யூனிபார்மைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே தரையில் விழுந்தவனை, மத்தியானம் செல்வி உலுக்கி எழுப்பினாள். முகத்தைக் கழுவினேனா என்பது ஞாபகம் இல்லை. போனை சார்ஜிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசலில் போய் நின்றேன். ஒரு முயல் என்னைப் பார்த்து ஓடி வந்தது. ஏழுமலை தூக்கி வைத்தார். நான் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு பெல்ட்டை இழுத்து, வயிற்றுக்கு முன்னால் கிளிப்பை மாட்டினேன். டக்கென்று சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பினேன்.

யாழினி பைக்கில் ஏறினால் வாய் ஓயாது. லாரிக்கு ஏன் அத்தனை சக்கரம், ஆட்டுக்குட்டி ஏன் ரோட்டில் படுத்திருக்கிறது, சூப்பர்வைசர் உன்னை அடிப்பாரா என்று வீடு வரும்வரை கேள்விதான். அன்று ஒரு கேள்வி கூட வரவில்லை. நடுவில் இரண்டு தடவை முதுகுப் பக்கம் "...மா" என்று ஏதோ கேட்டது. பக்கத்தில் லாரி போன இரைச்சலில் அதை "அப்பா" என்று எடுத்துக்கொண்டு, "ம்" என்றேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், அப்பன் படுகிற பாடு புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே கண் கலங்கியது. (தூக்கம் கெட்டால் இப்படியெல்லாம் ஆகும். விளம்பரத்தில் நாய்க்குட்டியைப் பார்த்துக்கூட அழுதிருக்கிறேன்.)

வீட்டு வாசலில் செல்வி தயாராக நின்றாள். அவளுக்கு பஸ் வரும் நேரம். கிளிப்பைக் கழற்றிப் பிள்ளையை இறக்கி, ஹெல்மெட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க."

"ம்."

"யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீக?"

திரும்பிப் பார்த்தேன். இரட்டைப் பின்னல் போட்ட, உருண்டை முகமுள்ள ஒரு பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை தீர்ப்பு சொல்வது போலச் சொன்னது:

"நீ எங்க மாமா இல்ல."

சொல்லிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழ ஆரம்பித்தது.

செல்வி அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நம்ம பிள்ள?" என்றாள்.

அந்த நொடியை இன்றைக்கும் என்னால் நகைச்சுவையாகச் சொல்ல முடிவதில்லை. யாரோ ஒருவரின் பிள்ளையை நான் ஏற்றி வந்திருக்கிறேன் என்றால், என் பிள்ளையை எவன் ஏற்றிப் போனானோ? அந்த ரோட்டில் எந்த லாரிக்குப் பின்னால்? வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போன் அடித்தது. செல்விதான் ஓடிப்போய் எடுத்தாள். பள்ளிக்கூடத்து மிஸ்.

"யாழினி அம்மாவா? அவங்க அப்பா இன்னும் வரலீங்க. பாப்பா வெயிட் பண்ணுது. கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க, இங்க வேற ஒரு பாப்பாவ காணோம்னு ஒரே டென்ஷனா இருக்கோம்."

"மிஸ்," என்றாள் செல்வி, "காணாமப் போன பிள்ள ரெட்டச் சடையா?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்லதான் நின்னு அழுகுது."

நான் வண்டியை எடுத்தேன். செல்வியும் ஏறிக்கொண்டாள். "நீங்க மட்டும் தனியா போனீகன்னா பிள்ளை பிடிக்கிறவன்னு கம்பத்துல கட்டிவச்சு உரிச்சிருவாக" என்றாள். நடுவில் அந்தப் பிள்ளை, கையில் செல்வி கொடுத்த பிஸ்கட்டோடு. எதிரே செல்வியின் கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவள் அதைப் பார்த்தாள். வழி நெடுக, நான் தூங்கிவிடக் கூடாதென்று என் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். அதில் பாதி தூக்கத்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். மிஸ் விஷயத்தைச் சொல்லியிருந்தாலும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது போய்ச் சேரவில்லை. நான் நிறுத்தியதும் யாரோ ஒருவர் பைக் சாவியை உருவிக்கொண்டார். இன்னொருவர் என் காலரைப் பிடித்தார். பிள்ளையின் அம்மா ஓடி வந்து பிள்ளையை வாங்கித் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். அழுதார். அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யோவ், இன்னா ஆளுய்யா நீ? வண்டில குந்திக்கினு இருக்கறது உன் பொண்ணா, ஊரான் பொண்ணான்னு கூடவா தெரியாது?"

ஏழுமலையைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கேட்டுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். "நா இன்னா பண்றது? எல்லாம் ஒரே கலரு சட்ட, ஒரே கலரு வண்டி. உள்ள யாரு கீறான்னு கழட்டியா பாக்க முடியும்?" என்றார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். என் யூனிபார்ம், என் ஹெல்மெட். எனக்கே ஒரு கணம் நான்தான் வருகிறேன் என்று தோன்றியது. ஹெல்மெட்டைக் கழற்றினான். எங்கள் லைனில் வேலை செய்கிற பிரபு. அந்தப் பிள்ளையின் தாய்மாமன். அன்றைக்கு முதல் தடவையாகப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவன்.

"அக்கா, வுடுக்கா. இவரு எங்க லைன்தான். எங்கூட நைட்டு பாத்தவரு."

"நீ பேசாத! நீ ஏன்டா லேட்டு? ட்ராபிக்குன்னுதான சொன்ன?"

பிரபு என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "தூங்கிட்டேன்க்கா" என்றான்.

கூட்டத்தின் கோபம் சரிபாதியாகப் பிரிந்து அவனுக்கும் கொஞ்சம் போனது. என் காலரை விட்டார்கள். அந்த நன்றியை நான் இன்றுவரை மறக்கவில்லை. கேன்டீனில் அவனைப் பார்த்தால் என் வடையை அவன் தட்டில் வைத்துவிடுவேன்.

யாழினி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெல்மெட், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி விட்டிருந்தாள். நான் கிட்டே போனதும் அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"நா கத்துனேன்பா" என்றாள். "ஷூ லேஸு கட்டிக்கினு இருந்தேன். நீ அந்தப் பாப்பாவ ஏத்திக்கினு போயிட்ட. அப்பா அப்பான்னு கத்துனேன். நீ திரும்பிகூட பாக்கல."

"மிஸ்கிட்டச் சொல்லலாம்ல கண்ணு?"

"சொன்னேன். எங்கப்பாதான் ஏத்திக்கினு போச்சு, தெரிஞ்சா கொண்டாந்து வுட்டுரும்னு சொன்னேன். நீ போயி உக்காரு, பெரியவங்க பேசறோம்னாங்க."

அத்தனை பெரியவர்கள் கூடி நின்று தவித்த விஷயத்தின் விடை, பெஞ்சில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தாள். எப்போது இவ்வளவு கனமானாள் என்று தெரியவில்லை. தினமும் முதுகில் சுமக்கிறேன், கையில் தூக்கி நாளாகியிருந்தது.

செல்விக்கு அன்று லீவு போட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் பாயை விரித்துப் படுத்தோம். கல்யாணமான வீட்டில் இதெல்லாம் ஒரு விசேஷமா என்று கேட்கலாம். எங்களுக்கு விசேஷம்தான்.

அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் புதுச் சட்டம் வந்தது. வாசலுக்கு வந்ததும் அப்பன்மார்கள் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் கண்ணாடியைத் தூக்க வேண்டும். முயலுக்குக் கீழே பெயர் எழுத வேண்டும். ஏழுமலை இதை வைத்துக்கொண்டு என்னைப் படுத்தி எடுத்தார். மற்றவர்களை ஒரு பார்வையில் விட்டுவிடுவார். என் முறை வந்தால் மட்டும் யாழினியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், நல்லா பாத்துக்கோ, இது உன்னுதுதான? அப்புறம் மாத்தித் தர மாட்டோம்" என்பார். வரிசையில் நிற்கிற அத்தனை ஹெல்மெட்டும் குலுங்கும்.

அந்த உருண்டை முகப் பிள்ளைக்கு நான் இன்றும் மாமாதான். அதன் அம்மா என்னை வழியில் பார்த்தால், "இன்னாண்ணா, இன்னிக்காவது தூங்குனியா?" என்று கேட்பார். என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

போன வருடம் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தான். செல்வியைக் காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போனார்கள். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். நர்ஸ் தட்டி எழுப்பினார். துணியில் சுற்றிய பையனை என் கையில் கொடுக்கக் குனிந்தார். அப்போது உள்ளேயிருந்து, மயக்கம் பாதிகூடத் தெளியாத குரல் ஒன்று கேட்டது:

"சிஸ்டர், அவர் கையில குடுக்காதீக! மாத்திருவாரு!"

நர்ஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சிரிக்க முயன்றேன். பிறகு, பையன் ஒருவழியாக என் கைக்கு வந்ததும், அவர் பார்க்காதபோது, அவன் கையில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பி அம்மா பெயரைப் படித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் படித்தேன்.