எப்சிக்கு எத்தனை முத்து

"பத்து போட்டுக்கிடுங்க சார்," என்றாள் மஹ்மூதா பீவி. சுற்றிக்கொண்டிருந்த பீடியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர் பட்டாபி. "உங்க வீட்டுக்கு வர்ற எப்சி எப்படிப் பாத்துக்கறா? நீங்க சொல்றதக் காது குடுத்துக் கேக்கறாளா?"

"படிக்கிற பிள்ளைக்கு மார்க்கக் கொறச்சா நான் வெளங்குவனா? பத்து போடுங்க. போதலன்னா பதினொண்ணு போடுங்க."

பட்டாபி பேனாவை மூடினார். அடுத்த வீடு அம்மையப்பனுடையது. தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர். அந்த வீட்டுக்கு வந்துபோகும் மாணவன் பெயர் ஹரிநாராயணன்.

"அவனா? பைக்க விட்டு எறங்க மாட்டான் சார். வாசல்ல வண்டியில இருந்துக்கிட்டே சுகர் எவ்வளவுன்னு கேப்பான், போனப் பாப்பான், போயிருவான்."

"அப்போ அவனுக்கு எத்தனை மார்க்?"

"பத்துதான். பெத்தவங்க பாவம்லா."

நாணல்துறை முழுக்க இதே கதை. தன் பிள்ளை முழு மார்க் வாங்கினால் வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். எல்லாப் பிள்ளைகளும் முழு மார்க் வாங்கிவிட்டால் ஆராய்ச்சி செய்கிறவனுக்குத் தூக்கம் போய்விடும். யார் நன்றாகச் செய்தான், யார் செய்யவில்லை என்று பிரித்துக் காட்டாத மார்க்கை வைத்துக்கொண்டு அவன் என்னத்தை எழுதுவான்?

பட்டாபி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கிறவர். அங்கே மாணவர்கள் ஆளுக்கு ஐந்து வீடுகளை ஒரு வருஷத்துக்குத் தத்தெடுக்க வேண்டும். போய் ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். வருஷக் கடைசியில் அதற்கு மார்க் போடுவது யார் என்றால், நாணல்துறை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பேராசிரியர்கள். பந்தியில் உட்காராதவன் பாயசத்தின் ருசியைச் சொல்வது என்ன நியாயம் என்று பட்டாபிக்கு நெடுநாள் குடைச்சல். சாப்பிட்டவர்களையே கேட்டால் என்ன? டாக்டருக்கு நோயாளியே மார்க் போட்டால் என்ன? அதுதான் அவருடைய ஆராய்ச்சி. பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டதும் உண்மைதான். ஆனால் அவர் அந்தக் கருத்தை மனசார நம்பினார் என்பதும் உண்மை.

துறைத் தலைவர் டாக்டர் ஞானசிகாமணி நம்பவில்லை. "வே பட்டாபி, இன்னைக்கு நோயாளி டாக்டருக்கு மார்க் போடுவான். நாளைக்கு ஆடு வந்து கறிக்கடைக்காரனுக்கு மார்க் போடும். இதெல்லாம் எங்க போய் முடியும்வே?"

"முகத்துக்கு முன்னால கேட்டதாலதான் சார் பத்து போடறா. ரகசியமாக் கேட்டா உண்மை வந்துடும்," என்றார் பட்டாபி.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் ஒருமுறை வீட்டுக்கு ஒரு டப்பா, மூடியில் ஒரு துளை, கூடவே பத்து புளியமுத்து, அதாவது புளியங்கொட்டை. வீட்டுக்கு வரும் மாணவனுக்கு எத்தனை மார்க்கோ அத்தனை முத்தை உள்ளே போட வேண்டும். மிச்சத்தை எறிந்துவிடலாம். யாரும் பார்க்கப்போவதில்லை.

டப்பாக்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் பத்து முத்து. சிலவற்றில் பத்துக்கு மேலேயும் இருந்தது. வீட்டில் புளி உடைத்தபோது கிடைத்ததையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

"ஏன்னா, ஊர்ல இருக்கற புளியமுத்தெல்லாம் நம்மாத்துக் கூடத்துலதான் கெடக்கணுமா?" என்றாள் மனைவி காமாக்ஷி. பட்டாபி குனிந்து பொறுக்கினார்.

விளையாட்டாக இருப்பதால்தான் வாரி இறைக்கிறார்கள், மார்க்குக்கு ஒரு கனம் வேண்டும் என்று முடிவு செய்தார். டீனிடம் மன்றாடி அனுமதி வாங்கினார். பிறகு நாணல்துறை ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இனிமே இது நெஜப் பரீட்சை மார்க். சும்மா அள்ளிப் போடாதீங்கோ. அஞ்சு வீட்டையும் கூட்டிப் பாத்து பாதிக்குக் கீழ போனா அந்தப் பிள்ளை பாஸ் கெடையாது. இந்த வருஷம் செஞ்ச வேலைய அப்படியே அதே வீடுகள்ல அடுத்த வருஷமும் திரும்பச் செய்யணும். ஒரு படிப்பு உங்க கையில இருக்கு. அதனால மனசுல படறத, உண்மைய மட்டும் போடுங்கோ."

மஹ்மூதா பீவியின் கைகூட ஒரு நிமிஷம் பீடி சுற்றாமல் நின்றது. தன் பேச்சு தைத்துவிட்டது என்று பட்டாபிக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்த முறை வந்த டப்பாக்களில் ஒன்றைக் குலுக்கினால் சத்தமே வரவில்லை. திறந்தால் காலி. பட்டாபி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடைசியில் ஒரு உண்மை வெளியே வந்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம். அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் வடிந்தது. மஹ்மூதா பீவி வீடு. எப்சி.

எப்சி கூடங்குளத்துப் பெண். அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரிக்கு வந்தவள். அவள் தெருவில் அவளை இப்போதே டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷம் பின்தங்கினால் ஊருக்குள் எப்படித் தலைகாட்டுவாள்?

"நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?" என்று அவள் கேட்டபோது பட்டாபிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அட்வைஸ் ஜாஸ்தி சொல்றியோ என்னவோ. உப்பக் கொறை, சீனியக் கொறைன்னு சொன்னா யாருக்குப் பிடிக்கும்? சித்த நேரம் சும்மா உக்காந்து பேசிண்டு இரு. நாலு நாள் சேத்துப் போய்ட்டு வா."

எப்சி சொன்னதைச் செய்கிற பெண். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்ணார்பேட்டையில் பஸ் பிடித்து நாணல்துறைக்குப் போனாள். பீடித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டாள். அந்த முறை அவளுடைய டப்பாக்களில் மூன்று காலியாக வந்தன.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றார் ஞானசிகாமணி. "ஏதோ பழைய வழக்கப்படி நாம ஆளுக்கு ஏழு எட்டு போட்டு விட்டிருந்தா இந்தப் பிள்ள இந்நேரம் நிம்மதியாத் தூங்கும்."

பட்டாபி விடுவதாக இல்லை. எப்சியை மறுபடி கூப்பிட்டார். "பேச்சு மட்டும் போறாது போலருக்கு. அவாளுக்கு ஏதாவது உதவியாச் செய்."

மஹ்மூதா பீவியின் புருஷனுக்குக் கண்ணில் புரை. எப்சி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று சீட்டு வாங்கி, ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருந்தாள். இன்னொரு வீட்டில் ஒரு அம்மாவுக்குத் தனக்குத்தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். அந்த முறை ஐந்து டப்பாவும் காலி. ஹரிநாராயணனுடைய டப்பாக்கள் மட்டும் மூடி திறக்க முடியாத அளவுக்கு நிரம்பி வந்தன.

பட்டாபி கம்ப்யூட்டரில் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஒரு வீட்டுக்கு மாணவன் எத்தனை முறை போகிறானோ அந்த அளவுக்கு மார்க் குறைகிறது. உதவி செய்தால் இன்னும் குறைகிறது. ஆகவே, நோயாளி இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருப்பதுதான் மிகச் சிறந்த மருத்துவச் சேவை என்று கணக்கு சொன்னது. இதை எந்தப் பத்திரிகையும் ஆசையாக வெளியிடும். அதன்பிறகு எந்த டாக்டரும் வேலைக்கு வர மாட்டான்.

ஆனாலும் மூழ்குகிறவனுக்கு வேறு எதைப் பிடிப்பது? அவர் எப்சியிடம் மெல்லச் சொன்னார்: "கணக்குப்படி பாத்தா, நீ கொஞ்ச நாள் அங்க போகாம இருந்தா மார்க் ஏற வாய்ப்பு இருக்கு."

எப்சி தலையசைத்து மறுத்தாள்.

"அது முடியாது சார். அந்த அம்மைக்கு ஊசி போடப் பாதிதான் சொல்லிக்குடுத்திருக்கேன். பாதியில விட்டா பயந்து நிறுத்திருவாங்க. முத்து விழலன்னா போகுது சார்."

அவள் போன பிறகு பட்டாபி கம்ப்யூட்டரை அணைத்தார். எந்தக் குணத்தைக் கண்டுபிடித்து மார்க் போட வேண்டும் என்று இத்தனை பாடும் பட்டாரோ, அது இப்போது அவர் முன்னால் நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறது. அவருடைய ஆராய்ச்சி அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. பதவி உயர்வும் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம், இந்தப் பெண் தப்பினால் போதும் என்று தோன்றியது.

டீனிடம் ஓடினார். டீன் அசையவில்லை. மார்க்கைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியதே நீங்கள்தானே, மாற்ற வேண்டுமானால் காரணம் வேண்டும் என்றார். ஐந்து வீடும் ஒன்றுசேர்ந்து ஒரு மாணவியை ஒதுக்கினால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது, ஞானசிகாமணி போய் விசாரிக்கட்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று முடித்துவிட்டார். தயவு கேட்கப் போய் அது நடத்தை விசாரணையாகிவிட்டது.

பட்டாபி, ஞானசிகாமணி, எப்சி மூன்று பேரும் கல்லூரி ஜீப்பில் நாணல்துறைக்குப் போனார்கள். "அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவேன்னுதான் தெரியல சார்," என்று எப்சி ஒரே ஒரு தடவை சொன்னாள். பட்டாபி ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜீப் நின்றதும் மஹ்மூதா பீவி பீடித் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தாள்.

"எப்சி, முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? சாப்பிட்டியா மவளே?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருத்தி எப்சியின் பையை வாங்கிக்கொண்டாள். ஒருத்தி மோர் கொண்டுவரப் போனாள். அம்மையப்பன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார். ஞானசிகாமணி இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பட்டாபியின் காதருகே குனிந்தார்.

"வே, இதுதான் ஒதுக்கி வச்ச லட்சணமா?"

"எனக்கும் புரியல சார்."

ஞானசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்க பாரும்மா, பயப்படாமச் சொல்லுங்க. இந்தப் பிள்ள உங்கள மரியாதையில்லாமப் பேசிச்சா? எதுவும் தப்பாச் செஞ்சிச்சா?"

"யாரு, எங்க எப்சியா?" மஹ்மூதா பீவியின் முகம் சிவந்தது. "அப்படிச் சொன்ன வாயி அழுவிப் போவும். எங்க வீட்டு மனுசனுக்குக் கண்ணு தெரியுதுன்னா இந்தப் பிள்ளையாலதான். அல்லா இவள நல்லா வைக்கணும்."

"தங்கமான பிள்ள சார்," என்றார் அம்மையப்பன். "எங்க வீட்டுக்கு வாச்சவன் மாதிரியா?"

பட்டாபிக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் ஏம்மா அஞ்சு டப்பாவும் காலியா வந்தது? இவளுக்கு ஒரு வருஷம் வீணாப் போகப்போறது, தெரியுமோ? ஒரே ஒரு முத்தாவது போடக் கூடாதா?"

மஹ்மூதா பீவி அவரைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு எப்சியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"மார்க்கு கொறஞ்சா அடுத்த வருசமும் எங்க வீட்டுக்கே வரணும்னு நீங்கதான சார் சொன்னிய, அதான் தெருவே கூடிப் பேசி, போய்த் தொலையட்டும்னு நெனச்ச பயலுக்குப் பத்தையும் போட்டோம், இருக்கட்டும்னு நெனச்ச பிள்ளைக்கு ஒத்த முத்து போடல."