தாலாட்டு டயர்

பாலம் வந்துவிட்டது. மனைவி இன்னும் தூங்கவில்லை.

லிட்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓரக்கண்ணால் மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை. பக்கத்து இருக்கையில் அவள் கண்களை அகல விரித்து, ஆற்றின் மேல் மிதந்துகொண்டிருந்த பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வரலையா?"

"ஏன், வரணுமா?"

லிட்டர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார்.

லிட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நில அளவை அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. தன் ஹைபிரிட் கார் ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை அவர் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கமாகச் சொல்வார்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து விடியற்காலையில் வெளியே வருவாள். வீட்டில் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. திரைச்சீலையைத் தாண்டி வெயில் வரும், மாடி வீட்டில் யாராவது நாற்காலியை இழுப்பார்கள், கூரியர்காரன் மணியடிப்பான். ஆனால் காரில் ஏறி உட்கார்ந்தால் போதும். பாலம் வருவதற்குள் இமைகள் தானாக இறங்கிவிடும். வீட்டு வாசலில் நிறுத்தினால்தான் திறக்கும்.

அந்த நேரம் லிட்டருக்கே லிட்டருக்கென்று எழுதி வைத்த நேரம். என்ஜின் ஓய்ந்து, கார் பேட்டரியில் வழுக்கிக்கொண்டு போகும். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். அடியில் டயர்கள் 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் பாடும். கார் தரையில் போகிறதா, யாருடைய கனவுக்குள்ளாவது போகிறதா என்றே தெரியாது. பக்கத்தில் தூங்கும் மனைவி. அவள் தூக்கம் கலையாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் பேசிக்கொண்டே வருவார். மேட்டில் எவ்வளவு குடித்தது, இறக்கத்தில் பேட்டரி எவ்வளவு சேர்த்தது, பிரேக்கை எந்த நொடியில் தொட்டால் எவ்வளவு மிச்சம்... ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்றைக்கு எல்லாம் போச்சு.

நேற்றுத்தான் நாலு டயரையும் மாற்றியிருந்தார். பழைய டயர்களில் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் வரிகள் தேய்ந்து மொட்டைத் தலையாகியிருந்தது. மழை வந்தால் வழுக்கும். "வண்டி வாங்கினப்ப இருந்த அதே டயரைப் போட்டுடுங்க சார்" என்று டயர்க்கடைக்காரர் சொன்னார். லிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பல நாள் உட்கார்ந்து படித்து, ரோட்டில் உருளும்போது இழுக்காத, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற, சத்தமே போடாத புது ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

போட்ட முதல் நாளே திரையில் மைலேஜ் எண் கீழே இறங்கியிருந்தது. புது டயர் பழகும் வரை அப்படித்தான் என்று அவருக்கே தெரியும். தெரிந்தாலும் துக்கம் துக்கம்தானே? ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதும் வாயே திறக்காமல் வந்தார். அப்போதுதான் அந்த அமைதியில் அது உறைத்தது.

'ம்ம்ம்' கேட்கவில்லை!

அவளைத் தூங்க வைத்தது காரும் இல்லை, களைப்பும் இல்லை. பழைய டயரின் பாட்டு. அதைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஊழியர்களுக்கு வேன் விடப்போகிறது. போன வாரம் அவள் கண்ணை மூடியபடியே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நான் வேன்ல வந்துடட்டுமா? உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"வேன்ல உன்னால தூங்க முடியுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வேன்ல தூங்கத் தேவையிருக்காதுங்க."

பாவம், எனக்காக விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாள் என்று அன்றைக்கு லிட்டர் உருகிப்போனார். இப்போது நிலைமை வேறு. காரிலும் தூக்கம் இல்லையென்றால் அவள் எதற்காகக் காரில் வரவேண்டும்? விடிகிற உலகத்தில் தன்னந்தனியாக, பக்கத்து இருக்கை காலியாக, யாரிடம் பேசிக்கொண்டு வருவது?

மாதம் பிறப்பதற்குள் அந்தத் தூக்கத்தை மீட்டாக வேண்டும்.

"சத்தம் அதிகம்னு சொல்லிட்டு வருவாங்க சார்" என்றார் டயர்க்கடைக்காரர், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு. "சத்தம் பத்தலைன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"சத்தம் இல்லைங்க. சுரம். பழைய டயர்ல ஒரு சுரம் வரும்."

"எப்படி வரும்?"

லிட்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒரு பெரியவரைத் தவிர யாருமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, "ம்ம்ம்ம்ம்..." என்றார்.

டயர்க்கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையிலயா?"

"இல்ல, மூக்குல."

"ம்ம்ம்ம்" என்றார் கடைக்காரர்.

"ரோடு மாறும்போது லேசா ஏறும்" என்று லிட்டர் திருத்தினார். "ம்ம்ம்ம்ம்ம்..."

பெரியவர் எழுந்து வந்தார். "என் வண்டியிலயும் இப்படித்தான் வந்துது. கடைசில பேரிங் போயிருந்துது" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு 'ம்ம்ம்' போட்டுக் காண்பித்தார். அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவே மூன்று ஆண்பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு முனகுவதைப் பார்த்து, காற்றடிக்க வந்த ஒரு பெண் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"பாடற டயர் வேணும்னா இருக்கு சார்" என்றார் கடைக்காரர் கடைசியில். "சேறு, கல்லு எல்லாத்துலயும் போற டயர். பட்டன் இவ்வளவு பெருசு. ஆனா உங்க வண்டிக்கு அது பொருந்தாது. பட்டுச் சட்டைக்குக் கீழே கம்பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கும்."

"போடுங்க."

"மைலேஜ் அடிவாங்கும்."

லிட்டர் ஒரு கணம் கண்ணை மூடினார். தியாகம் என்றால் இதுதான். "போடுங்க."

மறுநாள் கார் பாடவில்லை, கத்தியது. அதுவரை நிழல்போல நழுவிப் போன வண்டி ஆஸ்பத்திரி வளாகத்தை நெருங்கியதும், காவலாளி லாரிக்குத் திறக்கிற பெரிய கேட்டைத் திறந்துவிட்டார். திரையில் எண் இன்னும் சரிந்திருந்தது. லிட்டர் பேச்சற்றுப் போனார்.

மனைவியோ ஏறியதும் சிரித்தாள்.

"என்னங்க இது, ஹெலிகாப்டர்ல போற மாதிரி இருக்கு!" என்று சத்தத்துக்கு மேலே கத்தினாள். அதோடு விட்டாளா? வார்டில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கிறாராம். கண்ணில் கட்டு. விடிகிற நேரத்தில் வானம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று தினமும் கேட்பாராம்.

"நேத்து பச்சைன்னு சொன்னேன். நம்பிட்டார். அப்புறம் ஜன்னல்கிட்டப் போய்ப் பார்த்தா, நிஜமாவே ஓரத்துல கொஞ்சம் பச்சையா இருந்துதுங்க!"

"ம்" என்றார் லிட்டர். அவர் காது முழுக்கத் தரையில் இருந்தது. சுரம் இரண்டு படி மேலே இருக்கிறது. காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகுமோ?

"கொஞ்சம் நிறுத்துங்களேன். படகு போகுது பாருங்க. பனிக்குள்ள அடிப்பாகமே தெரியல. ஆள் மட்டும் நின்னுக்கிட்டே போறார்."

நிறுத்தினார். அவள் இறங்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படகைப் பார்த்தாள். அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சுங்க இப்படி வந்து! நல்லா இருக்கு" என்றாள்.

லிட்டர் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறதா என்று பார்த்தார். தூக்கம் கெட்டவர்கள் இப்படித்தான் காரணமே இல்லாமல் சந்தோஷப்படுவார்கள் என்று எங்கோ படித்திருந்தார்.

காற்றை இறக்கினார். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏற்றினார். சின்னக் கல்லில் ஏறினாலும் இருவரும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார்கள். முன்னால் சத்தம் போடாத ஜோடியும் பின்னால் கத்துகிற ஜோடியும் போடச் சொன்னார். "தப்பு சார், திருப்பத்துல வண்டி ஒரு பக்கமாப் போகும், சொல்றதைக் கேளுங்க" என்று கடைக்காரர் மன்றாடினார். கேட்கவில்லை. முன்பக்கம் ரகசியம் பேசியது, பின்பக்கம் சண்டை போட்டது. திருப்பத்தில் கார் வீட்டுக்குப் போக விருப்பமில்லாததுபோல ஒதுங்கி ஒதுங்கிப் போனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மைலேஜ் ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் லிட்டரின் வாய் இன்னும் இறுக மூடியது.

மனைவி பேசிக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் தனக்கு வரும் ஒரு கனவைச் சொன்னாள். தண்ணீருக்கு மேல் ஒரு வீடு, ஜன்னலில் மீன்கள் வந்து எட்டிப் பார்க்குமாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. இப்போதும் பாதிதான் கேட்டார்.

மாதம் முடியப்போகிறது.

"வேனுக்கு என்ன சொன்னே?" தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றாள் அவள், வெளியே பார்த்துச் சிரித்தபடி. "இப்படியே உங்ககூடவே வந்துடறேனே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, அதுவும் தெரியாமல் எனக்காகக் கூட வருகிறேன் என்கிறாளே! இவளுக்குத் தூக்கத்தை மீட்டுத் தராமல் விட்டால் நான் என்ன புருஷன்?

நேராகக் கடைக்குப் போனார்.

"அதே டயர்" என்றார். "வண்டி வாங்கினப்ப வந்த அதே டயர். அதே பேரு, அதே ரகம்."

கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இதைத்தானே சார் நான் முதல் நாளே சொன்னேன்?"

"சொன்னீங்க."

"ஒண்ணு பண்றேன். நாளைக்குக் காலையில நானும் உங்ககூட வரேன். என் கடை நீங்க போற வழிதானே? சிஸ்டர் தூங்கறாங்களா இல்லையான்னு என் கண்ணால பார்த்துடறேன். அப்புறமும் டயர் மாத்தணும்னு வந்தீங்க, நான் கடையை மூடிட்டு வேற தொழிலுக்குப் போயிடுவேன்."

அன்றைக்கே அதே டயர்கள் ஏறின. மறுநாள் விடியலில் கடைக்காரரும் பின் இருக்கையில் ஏறினார். பாதி வழியில் கேட்டது.

ம்ம்ம்ம்ம்ம்...

லிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டார். பனிக்குள் கார் மிதந்தது. அடுத்தடுத்த தெருவிளக்குகள் மஞ்சள் வட்டங்களாக வந்து, நெற்றியைத் தொட்டுவிட்டு, பின்னால் கரைந்தன. ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது லிட்டர் திரையைப் பார்த்தார். எண் ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, புது டயர் பழகுவதற்கு முன்பே பழைய உச்சத்தையே தாண்டியிருந்தது!

மனைவி வந்து ஏறினாள். கடைக்காரரைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள், நலம் விசாரித்தாள். பிறகு அவள் பார்வை ஒரு கணம் திரையின் மேல் நின்றது.

லிட்டர் இறங்கிப் போய், முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தார். மங்கிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி பின்னால் திரும்பி ஏதோ சொல்வதும், கடைக்காரர் மரியாதையாகத் தலையாட்டுவதும் தெரிந்தது. டயரைப் பற்றித்தான் கேட்கிறாள் போலிருக்கிறது. நல்ல மனசு.

கார் புறப்பட்டது. நாள்கணக்காக அடைத்துக் கிடந்த மடை திறந்தது.

"பார்த்தியா? ஏறிடுச்சு! இது சும்மா டயரால மட்டும் இல்ல. அந்த ஆஸ்பத்திரி மேட்டுல நான் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாம வந்தேன் பாரு, அதான் விஷயம். நிறையப் பேர் என்ன பண்றாங்கன்னா, மேடு தெரிஞ்சதும் மிதிச்சுடறாங்க..."

மனைவியின் தலை மெல்ல இருக்கையில் சாய்ந்தது. இமைகள் தாழ்ந்தன. பாலம் இன்னும் வரவே இல்லை!

லிட்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. குரலை இறக்கிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் கடைக்காரரும் வாயை லேசாகத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். என்ன சுரம்! டயர் விற்கிறவரையே விட்டுவைக்கவில்லை!

ஆற்றின் மேல் கார் வழுக்கிக்கொண்டு போனது. கீழே ஒரு படகு, அடிப்பாகம் தெரியாமல், பனியோடு பனியாக நகர்ந்தது. லிட்டர் இறக்கங்களைப் பற்றிச் சொன்னார். காற்றழுத்தத்துக்கும் வெயிலுக்கும் உள்ள உறவைச் சொன்னார். மழைக்காலத்தில் மைலேஜ் எப்படிக் குறைகிறது என்பதையும், அதை எப்படி ஏமாற்றலாம் என்பதையும் ரகசியம்போலச் சொன்னார்.

"வேன்ல... இன்னும் இடம் இருக்கான்னு கேட்டுப் பார்க்கணும்" என்று மனைவி கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தாள்.

தூக்கத்தில் உளறுகிறாள். எவ்வளவு ஆழ்ந்த தூக்கம்! லிட்டரின் முகம் மலர்ந்தது.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. என்ஜினும் இல்லை, டயரும் உருளவில்லை. காருக்குள் பனி விழுந்தால்கூடக் கேட்கிற நிசப்தம். லிட்டரும் அடுத்த விஷயத்தைத் தொடங்குவதற்காக மூச்சு வாங்கிக்கொண்டார்.

அந்த இடைவெளியில் பின் இருக்கையிலிருந்து கடைக்காரரின் கெஞ்சும் கிசுகிசுப்பு எழுந்தது.

"சிஸ்டர்... எனக்கு இப்பவே இமை வலிக்குது. சார் மைலேஜ் பேசி முடிக்கற வரைக்கும், நீங்க தினமும் எப்படித்தான் தூங்கற மாதிரியே நடிச்சீங்க?"