செல்லபாயின் வயதும் என் மைக்செட்டும்

குளத்தூர்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் மூத்த மச்சான் சத்தியநேசன் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய விஜயதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பொய்யில் தொடங்கினால் கடிதம் உருப்படாது. செல்லபாய்க்குச் சுகமில்லை, எனக்குத் தூக்கமில்லை, வீட்டில் ஆடு ஒன்றுதான் சுகமாக இருக்கிறது. நீங்களும் அக்காவும் சுகம் என்று நம்புகிறேன். போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். ஆயுசெல்லாம் மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவனுக்கு மெதுவாகப் பேச வராது. நான் போனில் பேசினால் அடுக்களையில் இருக்கும் செல்லபாய்க்கு மட்டுமல்ல, பூவார் படகுத்துறை வரைக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

செல்லபாயின் இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடுவதில்லை, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். எழுபது வயதானவர்களுக்கு இலவச சிகிச்சை அட்டை உண்டு என்பதும் தெரியும். அந்த எழுபதை அறுபத்தைந்தாகக் குறைக்கப் போகிறார்கள், முதியோர் பென்ஷன் வயதையும் இறக்கப் போகிறார்கள் என்று இங்கே ஒரே பேச்சு. செல்லபாய்க்கு அறுபத்தொன்று, எனக்கு அறுபத்துமூன்று, நமக்கு எட்டாத மாங்காய் என்று நான் பேசாமல் இருந்தேன். அப்போது எங்கள் வார்டு ஆஷா பணியாளர் ஷைலஜா பிரஷர் பார்க்க வந்தாள். கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "வயசு குறச்சா மாமிக்கு முதல்ல கிட்டும் மாமா, அறுபத்தாறு ஆச்சல்லோ" என்றாள். "ஆருக்கு அறுபத்தாறு?" என்றேன். "மாமி தானே சொல்லித் தந்தது" என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஆட்டைத் தாண்டி ஓடிவிட்டாள். செல்லபாயிடம் கேட்டால், "அவளுக்குத் தப்பாக் கேட்டுப்போச்சு, எனக்க வயசு எனக்குத் தெரியும்" என்று பாத்திரத்தை உருட்டுகிறாள்.

மச்சான், கோபப்படாமல் கேளுங்கள். பெண் பார்க்க வந்த அன்று, பையனைவிடப் பெண்ணுக்கு இரண்டு வயது குறைவு என்று என் அம்மாவிடம் சொன்னது யார்? நீங்கள். பெயரிலேயே சத்தியத்தை வைத்துக்கொண்டு, பழத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னீர்கள். ஆதாரிலும் அறுபத்தொன்றுதானே என்பீர்கள். அந்த ஆதாருக்கு வயதைச் சொன்னவள் யார்? அவளேதான். என்னைவிட மூன்று வயது மூத்தவள் இத்தனை வருடமாக என்னைக் கிழவன் கிழவன் என்று கூப்பிட்டு, தலைக்கு நானே சாயம் பூசும்படி ஆக்கிவிட்டாள். அது போகட்டும். சபையில் லீலாபாயை இவள் "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். லீலாபாய்க்கு அறுபத்துநான்கு. ஒரு கல்யாண வீடு விடாமல் பத்துப் பேர் காதில் விழும்படி அக்கா, அக்கா என்று கூப்பிட்டு அவளை நோகடித்திருக்கிறாள். இப்போது உண்மை வெளியே வந்தால் லீலாபாய் சும்மா விடுவாளா? அந்த வெட்கத்தில்தான் செல்லபாய் வாயைத் திறக்கவில்லை, வெட்கத்துக்காக வால்வையே விட்டுவிடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயத்தில்தான் அடுத்த வம்பு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயது வரம்பைக் குறைக்கச் சொல்லி டீக்கடை முக்கில் மூத்த குடிமக்கள் கூட்டம் போட்டார்கள். மைக்செட் நம்முடையது. பேச்சைக் கேட்டாவது மனசு மாறட்டும் என்று செல்லபாயையும் கூட்டிப்போனேன். தென்னையில் இரண்டு கோளாம்பி ஒலிபெருக்கி, கரண்ட் கம்பத்தில் ஒன்று, டீக்கடைக் கூரையில் ஒன்று என்று நாலையும் கட்டினேன். காயல் காற்றுக்கு ஒரு கோளாம்பி திரும்பித் திரும்பி டீக்கடைக்காரன் முகத்துக்கே போனது, அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடுவில் டீ குடிக்க இடைவேளை விட்டார்கள். இடைவேளை என்றால் மைக் சத்தத்தை இறக்கிவிட்டுப் பாட்டுப் போட வேண்டும், இது மைக்செட்காரன் படிக்கும் முதல் பாடம். நான் பாட்டும் போடவில்லை, மைக்கையும் இறக்கவில்லை. மைக்குக்கு இரண்டடியில், ஆம்பிளிஃபயர் பக்கத்திலேயே செல்லபாயை உட்கார வைத்துக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டேன்.

"எடீ, அறுபத்தாறுன்னா அறுபத்தாறுன்னு சொல்லு. என்னைவிட மூணு வயசு மூத்தவள்னா உன்னை வீட்டைவிட்டு இறக்கியா விடப்போறேன்?"

"மெல்லப் பேசுங்க, ஆளுகளுக்குக் கேட்கும்."

"ஒருத்தனுக்கும் கேட்காது!"

இந்த ஒருத்தனுக்கும் கேட்காது நாலு கோளாம்பியிலும் போனது மச்சான். டீக்கடைக்குள்ளிருந்து ஒரு குரல், "கேட்குது அண்ணாச்சி, நல்லா கேட்குது!" கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது. கூட்டத் தலைவர் ஓடிவந்து மைக்கைப் பிடித்து, "பார்த்தீர்களா, இந்த வயது வரம்பு எத்தனை குடும்பங்களைக் கலக்குகிறது!" என்று எங்களையே உதாரணம் காட்டிப் பேசிவிட்டார். லீலாபாய் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து செல்லபாயின் கையைப் பிடித்து, "சுகந்தானே அக்கா?" என்றாள். இத்தனை வருடம் காத்திருந்த வாய்! செல்லபாய் கையை விடுவித்துக்கொண்டாள். மூச்சு வாங்க எழுந்து, ஆட்டோ பிடித்து, தனியாகப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. மாத்திரையை நான் நீட்டினால் வாங்குவதில்லை, நான் அந்தப் பக்கம் போனபிறகு தானாக எடுத்து விழுங்குகிறாள். ஆஸ்பத்திரி என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறாள். நேற்று குளிக்கப் போனவள் கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள், உதடு நீலமாக இருந்தது. சத்தம் போட்டுப் பழகியவனுக்கு இந்த வீட்டின் அமைதி பெரிய தண்டனை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இருந்து என்ன பிரயோஜனம் மச்சான்?

அதனால் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஒரு நாள் இங்கே வந்து, என் தங்கை இன்ன வருடம் பிறந்தவள் என்று உள்ள உண்மையைச் சொல்லுங்கள். ஆதாரில் வயதைத் திருத்திவிட்டால், உத்தரவு வந்ததும் முதல் ஆளாக அட்டையை வாங்கிவிடலாம். பழைய பொய்க்கு நான் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டேன், உயிர்தான் பெரிது. அக்காவுக்கு என் வணக்கத்தையும் பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்களையும் சொல்லுங்கள். நம் எல்லாருடைய முதுமையையும் ஆண்டவர் கையில் பிடித்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உறக்கம் இல்லாத
விஜயதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி உள்ளே போய் வருவதற்குள் செல்லபாய் கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டுப் பேசினாள். மச்சான், உங்களைச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆதாரில் இருப்பதுதான் சரி, அவளுக்கு அறுபத்தொன்றேதான். ஷைலஜாவிடம்தான் பொய் சொல்லியிருக்கிறாள். ஆஷா பணியாளர் எழுதிக்கொண்டால் அட்டை வந்துவிடும் என்று நினைத்தாளாம். அன்றைக்குக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சபையில பெண்கள் ஐக்கியத்துக்குக் காரியதரிசி நான். பொய் சொன்னேன்னு நாலு கோளாம்பியிலயும் சொல்லவா?" என்றாள். வயதைக் குறைப்பது இன்னும் கோரிக்கைதான், உத்தரவு ஒன்றும் வரவில்லை என்று ஷைலஜா கூட்டத்துக்கு மறுநாளே அவளிடம் சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்டுத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், என்மேல் உள்ள கோபத்தில் இல்லை.

ஒரு நரைமுடியைக்கூட ஒத்துக்கொள்ளாதவள் எதற்கடி வயதைக் கூட்டிச் சொன்னாய் என்று கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "உங்ககூட இன்னும் அஞ்சு வருஷம் இருக்கணும்னு அஞ்சு வருஷம் கூட்டிச் சொன்னேன். அது ஒரு குத்தமா?"

மைக்செட்டை விலை பேசிவிட்டேன். அட்டை வரும்போது வரட்டும், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். நீங்கள் சாட்சி சொல்ல வர வேண்டாம், துணைக்கு வாருங்கள். லீலாபாய் கேட்டால் மட்டும் அறுபத்தாறு என்றே சொல்லிவிடுங்கள்.