பொது லைப்ரரியும் உன் ரெண்டு தம்பிகளும்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உன் பெரிய தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். முட்டிவலி தேவலையா? நலம் விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் செல்லத் தம்பி சின்னவனை நீதான் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.

நானும் அவனும் ஒரே கம்பெனியில், பஸ் ஸ்டாண்டில் வைக்கும் டிக்கெட் மெஷினுக்கு புரோகிராம் எழுதுவது உனக்குத் தெரியும். மொத்தம் நாற்பது ஃபோல்டர், ஆளாளுக்குக் கொஞ்சம். தேதி, கிழமைக் கணக்கு எல்லாருக்கும் வேண்டியது என்பதால் அதை மட்டும் ஒரே இடத்தில் பொது லைப்ரரியாக வைத்திருக்கிறோம். ஒரே தொட்டியிலிருந்து எல்லா ரூமுக்கும் குழாய் இழுப்பது போல. அதை எழுதியவன் நான். அஞ்சு மாசம் முன்னாடி சின்னவன், "அண்ணா, உன் கிழமைக் கணக்கு ஒரு இடத்துல இடிக்குதே"ன்னான். தனியா சொன்னாலாவது பரவாயில்ல, மீட்டிங்ல, அத்தனை பேர் முன்னாடி! எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "உன் வேலையைப் பாருடா"ன்னுட்டு, லைப்ரரியை அப்படியே ஒரு நகல் எடுத்து என் ஃபோல்டர்ல வச்சுக்கிட்டேன். அவன் மட்டும் சும்மா இருப்பானா, அவன் பங்குக்கு ஒண்ணு எடுத்திருப்பான். அன்னிலேர்ந்து பேச்சே கிடையாது. லிஃப்ட்ல ஒண்ணா ஏறினா நான் கதவைப் பாக்கறேன், அவன் நம்பரைப் பாக்கறான்.

போன வாரம் எல்லா ஃபோல்டரையும் சேர்த்து மெஷின்ல ஏத்தினோம். ஒரே பேர்ல ரெண்டு லைப்ரரி இருந்தா, எது முதல்ல கண்ணுல படுதோ அதைத்தான் மெஷின் எடுத்துக்கும். அதுக்கென்ன அண்ணன் தம்பி தெரியுமா? திங்கட்கிழமை பஸ்ஸுக்கு ஞாயித்துக்கிழமைன்னு டிக்கெட் அடிச்சுத் தள்ளிடுச்சு. இன்டர்வியூவுக்குக் கிளம்பின ஒருத்தரை "இது நேத்து டிக்கெட்"னு கண்டக்டர் இறக்கி விட, அந்த மனுஷர் நடுரோட்டுல நின்னு, டிக்கெட்ல இருந்த நம்பரைப் பாத்து எங்களுக்கே போன் பண்ணி அர்ச்சனை பண்ணினார். மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "உங்க குடும்பச் சண்டைக்கு நாற்பது ஃபோல்டர் என்னய்யா பாவம் பண்ணுச்சு? வெள்ளிக்கிழமைக்குள்ள யார் நகல்ல தப்புன்னு சொல்லுங்க, அந்த ஆளை வேற ஊர் ஆபீஸுக்கு மாத்தறேன்"னுட்டார். தப்பு அவன் நகல்லதான், சந்தேகமே இல்ல. ஆனா அக்கா, கோபம் வேற, அவன் இல்லாத ஆபீஸ் வேற. அவனை அனுப்பிட்டு எனக்குச் சாப்பாடு இறங்காது. நீயே போன் பண்ணி, நகலைத் தூக்கிட்டு என்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு. நான் ரொம்ப இழுக்க மாட்டேன், மன்னிச்சுடுவேன்.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், மூத்தவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக, அவள் ஒருத்திதான் என் கட்சி.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் உள்ள
உன் பெரிய தம்பி

பி.கு.: ஆதாரத்தோட அனுப்பலாம்னு அவன் ஃபோல்டரெல்லாம் திறந்து பாத்தேன். பன்னிரண்டு. ஒண்ணுலகூட நகல் இல்ல அக்கா! எல்லாமே பொது லைப்ரரியைத்தான் கேக்குது. அதைத் திறந்தா, அஞ்சு மாசமா நான் என் நகல்ல திருத்தின ஒவ்வொண்ணையும் அவன் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கான். பக்கத்துலயே குறிப்பு: "அண்ணா திருத்தினது, யாரும் கை வைக்காதீங்க." கிழமைக் கணக்கை மட்டும் அவனே சரிபண்ணியிருக்கான். தப்பு என் நகல்ல மட்டும்தான். அழுதுட்டேன். மேனேஜர்கிட்ட போய், "நான்தான் சார், என்னையே மாத்துங்க"ன்னேன். "முதல்ல அந்த நகலைத் தூக்குங்க, யாரும் எங்கயும் போக வேண்டாம்"னார். நாற்காலியை இழுத்துக்கிட்டு சின்னவன் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். அவன் ஸ்கிரீன்லயே என் நகலைத் திறந்து, "நீயே தூக்கிடுடா"ன்னேன். அவன் கீபோர்டை என் பக்கம் தள்ளி, "நீ எழுதினதை நீயே அழி அண்ணா, எனக்குக் கை வரல"ன்னான்.