ஏழு பேரைத் தேடிப் போன ஃபாலோ-அப் சார்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் எத்தனை பேர் அடிவயிற்றில் தையலோடு நடமாடுகிறார்கள் என்பது கடவுளுக்குத் தெரியுமோ தெரியாதோ, எங்கள் ஃபாலோ-அப் சாருக்குத் தெரியும். ஊர், தெரு, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பது வரை மனப்பாடம். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் நாங்கள் இருவர்தான். குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்கும் புது முறை ஒன்றை எங்கள் பெரிய டாக்டர் செய்துவந்தார். ஆபரேஷன் ஆன ஒவ்வொருவரையும் ஒரு வருஷம் கழித்து வரவழைத்து, ஸ்கேன் எடுத்து, குடல் மறுபடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. ஆட்களை வரவழைப்பது அவர் வேலை. முடிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

உடம்பு சரியான மனிதன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா? பெரும்பாலானவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிடுவார்.

ஒருமுறை பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டு அம்மா, "அவர் வெளியூர் போயிருக்காருங்க" என்றார். அதே நேரம் உள்ளே யாரோ இருமினார்கள்.

"அம்மா, இது வலது பக்க ஆபரேஷன் இருமல். எனக்கு நல்லா தெரியும். வரச் சொல்லுங்க" என்றார் சார். வெளியூர் போனவர் பனியனோடு வெளியே வந்தார்.

இன்னொருவரைக் கூடுவாஞ்சேரிக் கல்யாண மண்டபத்தில் பிடித்தார். அவர் பெண்ணுக்கு வரவேற்பு. சார் வரிசையில் நின்று, மேடையேறி, மொய்க்கவரை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பெண்ணின் அப்பா காதில், "திங்கட்கிழமை வெறும் வயித்தோட ஸ்கேனுக்கு வந்துடுங்க சார்" என்றார். அந்தக் குடும்பத்து ஆல்பத்தில், எல்லோரும் சிரிக்கும் ஒரு படத்தில் அப்பா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்படி விரட்டியும் கடைசியில் ஏழு பேர் சிக்கவில்லை. பெரிய டாக்டர் டெல்லி மாநாட்டில் பேசவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "ஏழு பேர்தானே, தொடர்பில் இல்லைன்னு போட்டுடுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டார். அப்படி எழுதுவது வழக்கம்தான். கிடைக்காதவர்கள் எல்லா ஆராய்ச்சியிலும் உண்டு.

சார் விடவில்லை. மூன்று வாரத்தில் ஏழு பேரையும் கண்டுபிடித்துவிட்டார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். படப்பையில் காய்கறிக் கடை வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் புலம்பினார்.

"இன்னா சார் இந்த ஆளு, பேஜாரா கீது. கடையாண்ட வந்து குந்திகினு, வந்தாத்தான் போவேன்னுகினு கீறாரு. கத்திரிக்கா வாங்க வந்தவங்கல்லாம் என் வயித்தையே பாக்கறாங்க."

ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் வந்தபோது எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஏழில் ஐந்து பேருக்குக் குடல் மறுபடி இறங்கியிருந்தது. படப்பைக்காரருக்கு வலையே இடம் மாறியிருந்தது. அவர்கள் வராமல் போனது சோம்பலால் அல்ல. வலி திரும்பி வந்ததால் எங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது.

சார் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"மாநாட்டுக்கு ரிசல்ட் ஏற்கெனவே அனுப்பியாச்சு" என்றார் டாக்டர். "காணாமப் போனவங்க காணாமப் போனவங்களாவே இருக்கட்டும்."

"அவர் காணாமப் போகலை சார். படப்பை மார்க்கெட்ல கடை வச்சிருக்கார்."

டாக்டர் சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நான் சொன்னபடி நீங்க என்ட்ரி போட்டுடுங்க."

போட்டேன். ஏழு முறை. ஒவ்வொன்றுக்கும் 'தொடர்பில் இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே, புராஜெக்ட் முடிந்துவிட்டது என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். டெல்லியில் டாக்டருக்குப் பரிசு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். எனக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார்கள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஐந்து பேரிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை. வேலை போன பிறகு சார்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். படப்பைக்காரரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், மறு ஆபரேஷன் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தாராம். இதெல்லாம் படப்பைக்காரரே பிறகு எனக்குச் சொன்னது.

ஒரு வருஷம் கழித்து, சார் கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிடும் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது நேராகவே சொல்லிவிட்டேன்.

"சார், அன்னிக்கு நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றார்.

"என்மேல கோவம் இருக்கா?"

"இருக்கு." டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார். "நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்க. எடுத்துக்குங்க."

அந்த ஆஸ்பத்திரியை நானும் விட்டுவிட்டேன், கொஞ்சம் தாமதமாக. இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மின்சார ரயில் பிடித்து அவரைப் பார்க்கப் போகிறேன். கோபம் போய்விட்டதா என்று கேட்டதில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை. அவர் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நான் அவருக்கு வேண்டியவன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன்.